நூற்று நாற்பதுக்குக் கீழே

பிப்ரவரி 4

தம்பிக்கு,

பேசியபடி எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ கத்துவாய், நான்காவது நிமிஷம் நான் கத்துவேன். அப்புறம் அடுத்த அறையிலிருந்து அப்பா "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் இனிமேல் கடிதம்தான். உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் போன். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு நாலு பேண்ட்டுக்கு அடி மடித்துத் தைத்துவிட்டு வரலாம். போனில் அந்த வசதி இல்லை.

போன மாதம் நீ போன விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மேஜையைத் தட்டிவிட்டு, கையில் கிடைத்ததை எல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனாய். அவர் சாயங்காலம் வரை கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அதையும் நான் சொல்லப் போவதில்லை.

நிபந்தனையை மட்டும் எழுத்தில் வைத்துவிடுகிறேன், நாளைக்கு நீ மாற்றிப் பேசக் கூடாது. இரண்டு வருஷமாக வலது பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கும் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது உன் கட்சி. என்னோடு வீட்டில்தான் இருப்பார் என்பது என் கட்சி. "உனக்கே பிரஷர். நாப்பத்தி நாலு கிலோ இருக்கே. நீ விழுந்தா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?" என்று கேட்டாய். சரி. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாதமும் என் பிரஷரின் மேல் எண் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் நீ இல்லம் என்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. மேலே போனால் நான் வாயைத் திறக்காமல் அப்பாவின் துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துவிடுவேன். இது நீ சொன்னது, நான் ஒத்துக்கொண்டது.

இதோ கணக்கு. முதல் தேதி 132/84. இரண்டாம் தேதி 128/82. மூன்றாம் தேதி 126/80. போன மாதம் வரை நூற்று நாற்பத்தைந்துக்கு இறங்காத ஆள் நான். நீ கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகிவிட்டது, அதுதான் காரணம் போல.

அப்பாவுக்கும் நேற்று பார்த்தேன். 130/76. நன்றாகச் சாப்பிடுகிறார்.

அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று சொல்லிவிட்டு முக்கால் பக்கம் சொல்லியிருக்கிறாய்.

நூற்று இருபத்தாறா? யார் காதில் பூ சுற்றுகிறாய்? எப்படிப் பார்க்கிறாய் என்று எழுது. இங்கே கிளினிக்கில் இருக்கும் நர்ஸம்மா எனக்கு ஒரு பாட்டே பாடிவிட்டார். டீ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, கை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். பட்டை சுற்றும்போது சட்டைக் கை நடுவில் இருக்கக் கூடாது. மெஷின் ஓடும்போது வாய் பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்னால் பார்ப்பது நல்லது. நீ இதையெல்லாம் செய்கிறாயா, இல்லை, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு கையை நீட்டுகிறாயா?

என் கணக்கு உன்னுடையதற்கு நேர் எதிர். டிசம்பரில் 140, 142 என்று இருந்தது. உன் வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்து 164, 168, ஒரு நாள் 171. போன வருஷம் ஒரே கடையில் ஒரே நாளில் உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று வாங்கின மெஷின்தான், அதனால் மெஷினைக் குறை சொல்ல வழியில்லை. அக்காவோடு சண்டை, அதுதான் காரணம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நான் எழுதி வைத்த எண்களைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார்.

முப்பது வருஷமாக லாரி டயருக்குக் காற்றுப் பார்க்கிறவன் நான். கூடுதலாக இருந்தால் வால்வை அழுத்திக் கொஞ்சம் விட்டுவிடுவேன், முடிந்தது. என்னை எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை.

விளையாட்டை விடு. விழுவதற்கு முன்னால் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லையே, அக்கா. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. "எனக்கென்னடா, இரும்பு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் மாத்திரை போடாமல் இருந்தார். ஒரு காலை சவரம் செய்யும்போது கத்தி கையிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். நீ நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

பாடம் எடுக்கிறாயா எனக்கு? எல்லாம் முறைப்படிதான் செய்கிறேன். காலை ஆறரைக்கு, அப்பாவைத் துடைத்து முடித்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. வாய் பேசாமல் இருக்க வேண்டுமாம். பேச ஆள் இல்லாத வீட்டில் அது ஒரு கஷ்டமா? பட்டை கூட இப்போதெல்லாம் இதமாக இருக்கிறது. முன்பு நண்டு மாதிரி கவ்வும், இரண்டு நிமிஷம் கை மரத்துப் போகும்.

இந்த இரண்டு வாரம்: 124, 130, 126, 122, 128. கீழ் எண் எண்பதைத் தாண்டவே இல்லை. தேதியோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நூற்று இருபத்திரண்டு என்றால் எனக்கு எதற்கு முழு மாத்திரை? அதைப் போட்டால் சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடுகிறது. மிதியில் கால் வைத்தால் செருப்பு வார் பதிகிறது. அதனால் பத்து நாளாகப் பாதிதான் போடுகிறேன். சின்னக் கத்தரியால் நறுக்கென்று வெட்டினால் அழகாக இரண்டாகிறது. அப்பாவுக்கும் 126 தான் இருக்கிறது, எழுபத்தொன்பது வயசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவருக்கும் பாதி. மாத்திரை விழுங்கும்போது அவருக்குப் புரையேறுகிறது, உனக்கு அது தெரியாது, நீ பார்த்ததில்லை.

உன்னைச் சொல்ல வேண்டும். நூற்று எழுபத்தொன்று! உப்பைக் குறை. ஊறுகாய் பாட்டிலை உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துப் பூட்டச் சொல். பாக்கெட்டில் வருகிற வறுவல் ஒன்று வாங்கித் தின்பாயே, சின்ன வயசிலிருந்து, அதில் முழுக்க உப்புதான். சாப்பிட்டதும் அப்படியே சாய்கிற பழக்கத்தை விட்டுத் தெருவில் அரை மணி நேரம் நட. நம் இரண்டு பேரில் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று இப்போதாவது உனக்குத் தெரிகிறதா?

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஸ்பேனரை விட்டெறிந்தேன். முதலாளி என்ன என்று கேட்டார், வீட்டு விஷயம் என்றேன்.

நீ என்ன டாக்டரா? யாரைக் கேட்டுப் பாதியாக வெட்டினாய்? நீ வெட்டினது துணி இல்லை. எண் குறைந்திருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். சரிவில் நிற்கிற லாரி, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருக்கிறோம். லாரி அசையாமல்தானே நிற்கிறது என்று கட்டையை உருவுவேனா நான்? உருவினால் கீழே படுத்து வேலை செய்கிற ஆள் என்ன ஆவான்? நீ கட்டையைப் பாதி உருவியிருக்கிறாய். அப்பாவுக்கும் சேர்த்து.

என் பாடு வேறு. 158, 160, 154. டாக்டர் இரண்டாவதாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றுமாம். வெளியேற்றுகிறது, நன்றாகவே வெளியேற்றுகிறது. சக்கரத்துக்கு நாலு போல்ட் கழற்றுவதற்குள் இரண்டு தடவை ஓடுகிறேன். என் வீட்டுக்காரி உப்பு டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாள் என்று இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பாடு வைக்கோல் மாதிரி இருக்கிறது. ஆனாலும் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், கத்துவதில்லை, இந்தக் கடிதத்தைத் தவிர. அப்படியும் இறங்க மாட்டேன் என்கிறது. குனிந்து நிமிர்ந்தால் ஒரு நொடி கண் இருட்டுகிறது. பிரஷர் கூடுதலாக இருப்பதால் இருக்கும்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. இங்கே ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மா பார்க்கத்தான் போனேன். சுத்தமாக இருக்கிறது. ஆட்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஜன்னல் பெரியது, வெளியே மரம் தெரிகிறது.

மாத்திரையை முழுசாகப் போடு. கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்.

தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

ஜன்னல் பெரியதா? நல்லது. நீயே போய் அந்த ஜன்னல் ஓரத்தில் படுத்துக்கொள்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் மூன்று பள்ளிக்கூட யூனிஃபார்முக்குப் பொத்தான் தைத்துவிட்டு வந்தேன். கோபம் போகவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

இரண்டு வருஷத்தில் ஏழு தடவை வந்திருக்கிறாய். ஏழு தடவையும் நாற்காலியில் உட்கார்ந்து "என்னப்பா, எப்படி இருக்கீங்க" என்று கேட்டாய். ஒரு தடவையாவது அவரைத் தொட்டுத் தூக்கியிருக்கிறாயா? ஒரு பக்கமாகத் திருப்பி முதுகுக்குப் பவுடர் போட்டிருக்கிறாயா? நான் விரிப்பை மாற்றுகிறபோதெல்லாம் உனக்கு வெளியே ஒரு போன் வந்துவிடும். இப்போது இல்லம் பார்க்கப் போகிறாயாம், சும்மா. அவரை அங்கே தள்ளிவிட்டால் உனக்கு நிம்மதி. அதற்கு என் பிரஷர் ஒரு சாக்கு. சொல்லிவிட்டேன், இனி திரும்பி எடுக்க மாட்டேன்.

மாத்திரை விஷயம். பதினைந்தாம் தேதியிலிருந்து அதை நிறுத்திவிட்டேன். ஆமாம், முழுசாக. கால் வீக்கம் வடிந்துவிட்டது. தலைவலி இல்லை, படபடப்பு இல்லை. காலையில் துடிப்பாக எழுந்திருக்கிறேன். எண்: 134, 136, 132, 138, 136. கொஞ்சம் ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நூற்று நாற்பதுக்குக் கீழேதான். ஒரு நாள் கூடத் தாண்டவில்லை.

இன்னும் முப்பத்தாறு நாள். அப்புறம் நீ இல்லம் என்ற வார்த்தையை என் காதில் போடவே முடியாது.

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நேற்று நாலு தடவை போன் செய்தேன். முதல் தடவை என் குரலைக் கேட்டதும் "ஏப்ரல் முடியட்டும்" என்று வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை பட்டறையில் விழுந்துவிட்டேன். லாரியின் பின்சக்கரத்துப் பக்கத்தில் குந்தியிருந்தேன். எழுந்தேன். அவ்வளவுதான் தெரியும். ஜாக்கியின் முனை நெற்றியில் பட்டு ஆறு தையல். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் கண். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரஷர் எகிறியிருக்கும், எனக்கும் அப்பா மாதிரி ஆகிவிட்டது என்று வலது கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நர்ஸம்மா பார்த்தார். 102/64. "என்னங்க இது, தரையில கிடக்குதே" என்றார். "காலையில வீட்ல பார்த்தப்போ 130 இருந்துதும்மா" என்றேன். மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்காரி போய் எடுத்து வந்தாள். என் கையில் பட்டையைச் சுற்றினார், முனை ஒட்டவில்லை. அதுதான் இரண்டு மாதமாக ஒட்டுவதில்லையே, தேய்ந்துவிட்டது என்று நான் டேப் போட்டு இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரன் புத்தி, எது பிய்ந்தாலும் ஒட்டுப் போடத்தான் தெரியும். நர்ஸம்மா அந்த டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அளவு நாடாவை எடுத்து என் கையைச் சுற்றி அளந்தார். பதினைந்தரை அங்குலம். பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டரை அங்குலத்துக்கு மேல் இருக்கும் கைக்கு ஆகாது என்று அச்சடித்திருக்கிறது. "இது உங்க கைக்கு வாங்கினதா? சின்னப் பட்டையைப் பெரிய கையில கட்டினா இருபது கூடத்தான் காட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் கடையில் சாதாரணப் பட்டை என் கைக்கு எட்டவில்லை என்று எனக்குப் பெரிய பட்டை போட்ட மெஷினைத்தான் கொடுத்தார்கள். மெஷின் ஒன்று, பெட்டி ஒன்று, பட்டை மட்டும் வேறு. ஜனவரியில் உன் வீட்டுக்கு வந்தபோது என் மெஷினையும் கொண்டுவந்திருந்தேன். கோபத்தில் நான் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது உன் பெட்டியை. உன்னிடம் இருப்பது என்னுடையது.

எனக்கு இல்லாத பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டு விழுந்தேன். அது போகட்டும், ஒன்றைக் குறைத்துவிட்டார்கள், சரியாகிவிடும். நீதான். பெரிய பட்டையைச் சின்னக் கையில் கட்டினால் குறைத்துக் காட்டும். எவ்வளவு என்று கேட்டேன். கைக்குக் கை மாறும், பத்து இருக்கலாம், இருபது கூட இருக்கலாம் என்றார். உன் 138 உண்மையில் என்ன என்று யாருக்கும் தெரியாது. நீ மூன்று வாரமாக மாத்திரையே போடவில்லை.

இதோடு உன் மெஷின் இருக்கிறது. உன் பட்டை. இப்போதே கட்டிப் பார். தையல் பிரிக்கும் வரை என்னைப் பஸ்ஸில் ஏறக் கூடாது என்றுவிட்டார்கள், இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நெற்றிக் காயம் எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடத்தை நனைக்காதே. சொறியாதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே அந்தக் கெட்ட பழக்கம். நீ விழுந்தாய் என்று படித்ததும் தையலை நிறுத்திவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். அது வேறு.

மற்றது. அடேங்கப்பா, என்ன கதை! இன்னும் இருபத்தொரு நாள் மிச்சம் இருக்கும்போது உனக்குப் பட்டை ஞாபகம் வருகிறது. பிப்ரவரியில் வரவில்லை, மார்ச்சில் வரவில்லை. நான் ஜெயிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் வருகிறது. ஆட்டம் முடியும்போது பலகையைக் கவிழ்க்கிற வழக்கம் உனக்கு எட்டு வயசிலேயே உண்டு.

பார்சலைப் பிரிக்கவில்லை. அலமாரி மேல் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி பிரிக்கிறேன். மூன்று மாதமும் என்றுதான் பேச்சு, எந்தப் பட்டை என்று பேச்சில் இல்லை.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். இன்றைக்கே எழுதித் தருகிறேன்: அப்பா உன் வீட்டில்தான். இல்லம் என்ற பேச்சை இனி எடுக்க மாட்டேன், எடுத்தால் நான் மனுஷன் இல்லை. பந்தயம் முடிந்தது. இனி உன் கையில் நூற்று எழுபது காட்டினாலும் எனக்கு அதைக் காட்ட வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கும் அதே பட்டையில்தானே பார்த்தாய்? அவர் கை உன் கையைவிட மெலிந்துவிட்டதே. அவருக்கும் பாதி மாத்திரை என்று எழுதியிருந்தாய்.

தம்பி

ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி மதியம் வந்தது. படித்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். கை போர்வைக்கு வெளியே கிடந்தது. என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவர் கையைச் சுற்றினேன். எட்டு அங்குலம். அதே இடத்தில் என் கையையும் அளந்தேன், எட்டே முக்கால்.

பார்சலைப் பிரிக்கக் கூட இல்லை, நேரே நர்ஸுக்குப் போன் செய்தேன், வாரம் ஒரு தடவை அப்பாவின் முதுகுப் புண்ணைப் பார்க்க வருவாளே, அவளுக்கு. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். அவளிடமிருந்த சின்னப் பட்டையை அப்பாவுக்குக் கட்டினாள். 172/98. எனக்கு 164/100. பயத்தில் ஏறியிருக்கும் என்றேன். "சரி, உக்காருங்க" என்று கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். 160. அப்புறம் திட்ட ஆரம்பித்தாள். "கால் வீங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர் வேற மாத்திரை குடுத்திருப்பார். வாய் எதுக்கு இருக்கு உங்களுக்கு? ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தவர் இவர், இவரு மாத்திரையை வெட்ட உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துது?" என்றாள். டாக்டரிடம் போனிலேயே பேசினாள். அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் பழையபடி முழு மாத்திரை, பொடித்துக் கூழில் கலந்து கொடுக்கலாமாம், டாக்டரைக் கேட்டே சொன்னாள். எனக்கு வேறு மாத்திரை. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லாதே. உன் வீட்டுக்காரியிடமும் வேண்டாம்.

எனக்குத் தெரியும். பிப்ரவரி முதல் தேதியே தெரியும். ஒரு நாளைக்குப் பத்துக் கைக்கு அளவெடுக்கிறவள் நான். பட்டை என் கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இன்னொரு அரைச் சுற்றும் போனால் அது என்னுடையது இல்லை என்று தெரியாதா? உன்னுடையது மாறி வந்துவிட்டது என்று அன்றைக்கே புரிந்தது. எழுதலாம் என்று நினைத்தேன். அதற்குள் மெஷின் 132 காட்டியது. அடுத்த நாள் 128. குறைத்துக் காட்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரியும். எண் நன்றாக இருந்தது, அதனால் நான் கேட்கவில்லை. தினமும் காலையில் என் கையில் கட்டும்போது கூட உறுத்தவில்லை. அப்பாவின் கையில் கட்டும்போதுதான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். யோசித்துவிட்டுக் கட்டுவேன்.

அவர் என்னை விட்டுப் போகக் கூடாது என்று இவ்வளவும் செய்தேன். அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், தம்பி.

நீ விட்டுக்கொடுத்தது எனக்கு வேண்டாம். நூற்று அறுபது, நான் தோற்றுவிட்டேன். அவருடைய சட்டைகள் ஆறையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், போர்வை ஒன்று. ஜன்னல் பெரியதாக இருக்கிற அந்த இடத்தின் விலாசத்தை எழுது.

அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

விலாசம் எழுதப் போவதில்லை. மடித்ததைப் பிரித்து அலமாரியில் வை.

நீ பெரிய தப்புச் செய்துவிட்டதாக நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தப்புதான். இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்ப மாட்டேன். ஆனால் நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மார்ச் மாதம் நீ எழுதினாயே, அவரைத் தொட்டுத் தூக்கியிருக்கிறாயா என்று. அதற்கு நான் பதிலே எழுதவில்லை, கவனித்தாயா? இப்போது எழுதுகிறேன்.

நூறு கிலோ சக்கரத்தை ஒரு கையால் உருட்டிக்கொண்டு போகிறவன் நான். அப்பாவைத் தொட எனக்குப் பயம், அக்கா. நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஆளுக்கு நீ கால் சட்டை மாற்றுகிறபோது நான் வெளியே ஓடினேன். ஒரு தடவை கூட போன் வரவில்லை. காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நிற்பேன். உன் உடம்புக்காகத்தான் இல்லம் கேட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பாதிதான் நிஜம். நீ விழுந்தால் அந்த வேலை என் தலையில் வந்து விடியும். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் பிரஷரை வாராவாரம் கேட்டதும் அதற்குத்தான்.

தையல் பிரித்தாகிவிட்டது, நேற்றுதான் பஸ்ஸில் ஏறலாம் என்றார்கள். முதலாளியிடம் பேசிவிட்டேன். மாதத்தில் பத்து நாள் பட்டறைக்கு வேறு ஆள், அந்தப் பத்து நாள் நான் உன் வீட்டில். மற்ற நாட்களில் காலையில் இரண்டு மணி நேரம் வந்து அப்பாவைத் தூக்கித் திருப்ப ஒரு ஆளை உன் நர்ஸே ஏற்பாடு செய்கிறாளாம், நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நீ வேண்டாம் என்று சொல்லாதே. புது மாத்திரையை விடாமல் போடு. வீங்கினாலும், தலை சுற்றினாலும், எது வந்தாலும் கத்தரியை எடுக்காதே, போனை எடு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எப்படித் திருப்ப வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டு. இரண்டாவது தடவை நான் தனியாகச் செய்கிறேன், நீ வெளியே போய் நின்றுகொள். நான் அழுதால் உள்ளே வராதே. அப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை, என் முன்னால் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

தம்பி